தாழம்பூவின் சாட்சி நமக்கு வேண்டாம்

எஹலியகொட, கெட்டஹெத்த, குருவிட்டப் பக்கத்துத் தோட்டங்களில் அறநெறிப் பாடசாலை நடத்தும் ஆசிரியர்களுக்கு,



ஞாயிறு காலையில் ஊரே அசதியில் கிடக்கும்போது, கோவில் மண்டபத்தைக் கூட்டிப் பாய் விரித்து, பிள்ளைகளை உட்கார வைக்கிறீர்கள். உங்களில் பாதிப் பேர் உயர்தரம் எழுதிவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் தம்பி, தங்கச்சிமார். சம்பளம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லாத இந்த வேலையை நீங்கள் விட்டால் வேறு யாரும் தொட மாட்டார்கள். அதனால்தான் கோவில் தலைவர்மாருக்கு எழுத வேண்டிய மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

என்னை எழுத வைத்தவை கும்பாபிஷேக மலர்கள். நம் தோட்டத்துக் கோவில்கள் இப்போது ஒவ்வொன்றாகக் கோபுரம் காண்கின்றன. தகரக் கொட்டகையில் இருந்த சாமிக்குச் சுதைச் சிற்பமும் வர்ணமும் கிடைப்பதில் எனக்கும் சந்தோஷந்தான். ஆனால் மலரைப் பிரித்துத் 'தல வரலாறு' பக்கத்துக்குப் போனால் தலை சுற்றுகிறது. ஒரு கோவிலில் இராவணேசுவரன் வழிபட்டிருக்கிறான். இன்னொன்றில் வேட்டைக்கு வந்த ராஜசிங்க மன்னன் கனவு கண்டிருக்கிறான். வேறொன்றில் பெயர் தெரியாத சித்தர் ஒருவர் ஜீவசமாதியே ஆகிவிட்டார். இத்தனைக்கும், அந்தக் கல்லை ஓடையிலிருந்து தூக்கி வந்தது யார் என்று தெரிந்த மனிதர் அதே லயத்தில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருக்கிறார். அவரை யாரும் கேட்கவில்லை.

தலபுராணம் என்றால் அளந்து விடுவதுதானே என்று நீங்கள் சிரிக்கலாம். அப்படியில்லை. பக்திக் கதைக்கு ஒரு நேர்மை உண்டு. பிள்ளைகளுக்கு அது புரிய வேண்டும் என்பதற்காக ஒரு யோசனை சொல்கிறேன். சிவராத்திரிக்கு நாலு சாமம். முதல் சாமத்தில் கூட்டம் இருக்கும். இரண்டாம் சாமத்தில் ஒலிபெருக்கி மட்டும் இருக்கும். நடுச்சாமத்தில் பிள்ளைகள் தூணோடு சாய்ந்துவிடுவார்கள், இளவட்டங்கள் போனைத் தடவுவார்கள். இந்த வருஷம் சாமத்துக்கு ஒரு கதை சொல்லுங்கள். முதல் மூன்று சாமத்துக்கு நான் தருகிறேன். நாலாவதை நீங்கள்தான் தேட வேண்டும்.

முதல் சாமத்துக்குப் பூசலார். சென்னைக்குப் பக்கத்திலுள்ள திருநின்றவூர்க்காரர். சிவனுக்கு ஒரு கோவில் கட்ட ஆசைப்பட்டார், காசு தேடி அலைந்தார், கிடைக்கவில்லை. சரி, மனசுக்குள் கட்டுவோம் என்று உட்கார்ந்தார். நினைவிலேயே பொருள் சேர்த்தார், தச்சரைத் தேடினார், நல்ல நாள் பார்த்து அடிக்கல் நாட்டினார். படை படையாக எழுப்பிச் சிகரம் வைத்து, சுதை பூசி, கிணறு வெட்டி, குளம் தோண்டி, மதிலும் கட்டி முடித்துக் குடமுழுக்குக்கு நாள் குறித்தார். அதே நாளைக் காஞ்சிபுரத்தில் கற்கோவில் கட்டிய பல்லவ மன்னனும் குறித்திருந்தான். முதல் நாள் இரவு மன்னன் கனவில் சிவன் வந்து, நாளைக்கு நின்றவூரில் பூசல் கட்டிய கோவிலுக்குப் போக வேண்டியிருக்கிறது, உன் விழாவைத் தள்ளி வை என்று சொல்லிவிட்டார். மன்னன் பதறிப்போய் நின்றவூருக்கு வந்து கோவிலைக் காட்டுங்கள் என்றால், ஊரார் முழிக்கிறார்கள். அப்படி ஒரு கோவில் இங்கே இல்லையே!

சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டில் பெரியபுராணத்தில் இந்தக் கதையைப் பாடினார். அந்த மன்னனை ராஜசிம்ம பல்லவன் என்றும், அவன் கட்டியது காஞ்சிக் கைலாசநாதர் கோவில் என்றும் வரலாற்றாசிரியர்கள் அடையாளம் காண்கிறார்கள். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த அந்தக் கோவில் இன்றும் நிற்கிறது. கலியுகத்தில் அந்த மன்னன் அசரீரி கேட்டான் என்று அங்குள்ள கல்வெட்டு ஒன்று வியக்கிறது. பிள்ளைகளிடம் ஒன்றை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். கதை கல்லைப் பழிக்கவில்லை. மன்னனின் கோவிலுக்கும் சிவன் வருகிறார், ஆனால் பிறகு வருகிறார். இல்லாதவன் வீட்டுக்கு முதலில் போனார் என்பதுதான் கதை. எட்டடிக் காம்பிராவில் பிறந்த பிள்ளைக்கு இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியாது.

இரண்டாம் சாமத்துக்கு நந்தனார். இவரைச் சொல்லும்போது கொஞ்சம் துணிச்சல் வேண்டும். ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்தவர். கோவில் முரசுக்குத் தோலும் வாரும் கொடுத்தார், யாழுக்கு நரம்பும் பூசைக்குக் கோரோசனையும் கொடுத்தார், ஆனால் உள்ளே போக முடியாது. திருப்புன்கூர் வாசலில் நின்று எட்டிப் பார்த்தால் நந்தி மறைக்கிறது. சிவன் நந்தியை விலகச் சொன்னார். இன்றும் அந்தக் கோவில் நந்தி சற்று ஒதுங்கியே இருக்கிறது. நந்தனார் அங்கே ஒரு குளமும் வெட்டினார் என்கிறார் சேக்கிழார். தான் நுழைய முடியாத கோவிலுக்குத் தன் கையால் குளம் வெட்டிய மனிதர்! தில்லைக்கு நாளை போவேன், நாளை போவேன் என்றே நாளைக் கழித்ததால் திருநாளைப்போவார் என்று பெயர் வந்தது.

நந்தனாருக்குத் தில்லை போக லீவு கொடுக்க மறுக்கும் பண்ணையாரைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள், அவர் பெரியபுராணத்தில் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை' இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதி கொண்டுவந்த பாத்திரம் அது. ஏன் கொண்டுவந்தார் என்று நம் ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அவர் பாடிய காலத்தில்தான் நம் கொள்ளுத்தாத்தாக்கள் கங்காணி பின்னால் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். இங்கே வந்த பின் துண்டு முறை அவர்களைப் பிடித்தது. கடனைக் கட்டி எடுத்துக்கொள்ள இன்னொரு தோட்டம் முன்வந்தாலொழிய, இருக்கிற தோட்டத்தை விட்டு நகர முடியாது. 1921இல்தான் அது சட்டத்தால் ஒழிந்தது. 'நாளைப் போவேன்' என்பது நம் லயத்து வாயிலும் இருந்த பேச்சு.

கதையின் முடிவில் நந்தனாரைத் தீயில் இறங்கச் செய்து, பூணூலோடு எழச் செய்து, அதன் பிறகே தில்லைக்குள் விடுகிறார்கள். யாராவது ஒரு பிள்ளை, ஏன் அவரை மட்டும் நெருப்பில் இறங்கச் சொன்னார்கள் என்று கேட்கும். அந்தக் கேள்வியை அடக்கிவிடாதீர்கள். அது நியாயமான கேள்வி, பெரியவர்கள் நூறு வருஷத்துக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி. நம் கோவில்களிலேயே யார் காளாஞ்சி வாங்குவது, யார் தப்படிப்பது, யார் வெளியே நிற்பது என்ற கணக்கு முழுசாகத் தீர்ந்துவிட்டதா என்று அதே மூச்சில் நாமும் கேட்டுக்கொள்ளலாம்.

மூன்றாம் சாமம் லிங்கோற்பவத்துக்கு உரியது. சிவன் கோவில் கருவறையின் பின்சுவரில் இருக்கும் உருவத்தைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். நெருப்புத் தூணின் அடியைத் தேடித் திருமால் பன்றியாகத் தோண்டினார், முடியைத் தேடிப் பிரமன் அன்னமாகப் பறந்தார். திருமால் திரும்பி வந்து, என்னால் முடியவில்லை என்று ஒப்புக்கொண்டார். பிரமனோ வழியில் விழுந்துகொண்டிருந்த தாழம்பூவைப் பிடித்து, நான் முடியைக் கண்டேன் என்று சாட்சி சொல்லச் சொன்னார். பூவும் சொன்னது. அந்தப் பொய்க்காகத்தான் தாழம்பூவுக்குச் சிவபூசையில் இடமில்லை. தெரியாது என்று சொன்ன திருமாலுக்கு ஒரு குறையும் வரவில்லை. சிவனுக்குக் கோவில் வைத்துவிட்டு, அதன் வரலாற்றில் பொய்ச்சாட்சி எழுதுகிறவர்கள் இந்தக் கதையை ஒருமுறை மனசில் நிறுத்த வேண்டும்.

இந்தச் சாமத்திலேயே ராஜசிங்கன் கதையையும் சொல்லுங்கள். ஏனென்றால் அது நம் வாசல் கதை. எஹலியகொடையிலிருந்து கொழும்புப் பக்கம் பஸ்ஸேறினால் கொஞ்ச நேரத்தில் அவிசாவளை. அங்கே சீதாவக்கை ஆற்றங்கரை மேட்டில் பெரண்டிக் கோவில் இடிந்து கிடக்கிறது. செதுக்கிய கருங்கல் அடித்தளம், அதன் மேல் பாதியில் நின்றுபோன அரைத்தூண்கள். கல்லில் வரி ஓடும் இடத்தில் விரலை வைத்தால் உளி போன ஒழுங்கு தெரியும். வேலை பிசகில்லாத வேலை. சீதாவக்கை அரசன் முதலாம் ராஜசிங்கன் வைரவருக்கு எழுப்பியது என்பது வழக்கு. தொல்லியலாளர் எச்.சி.பி. பெல் தன் கேகாலை மாவட்ட அறிக்கையில் இதை விவரித்திருக்கிறார். கட்டி முடிக்கப்படவே இல்லை என்றும் சொல்வார்கள், போர்த்துக்கேயர் இடித்தார்கள் என்றும் சொல்வார்கள்.

யார் இந்த ராஜசிங்கன்? 1521இல் சீதாவக்கை அரசைத் தொடக்கிய மாயாதுன்னையின் மகன். முல்லேரியாவில் போர்த்துக்கேயரை நொறுக்கியவன். 1581இல் அரசுக்கட்டில் ஏறி, கண்டியையும் பிடித்து, 1587இலும் 1588இலும் கொழும்புக் கோட்டையை முற்றுகையிட்டு ஆட்டிப் படைத்தவன். இவனைப் பற்றிச் சூளவம்சம் சொல்லும் கதை கொடியது. தந்தையைத் தன் கையாலேயே கொன்றானாம். பாவம் தீர வழி கேட்டபோது, இது தீராது என்றார்களாம் பிக்குகள். கோபத்தோடு சைவ ஆண்டிகளிடம் போனான். தீரும் என்று அவர்கள் சொன்னார்கள். உடம்பெல்லாம் நீறு பூசிக்கொண்டு சைவனானான், பிக்குகளைக் கொன்றான், ஏடுகளை எரித்தான், சிவனொளிபாதமலையின் வருமானத்தை ஆண்டிகள் கையில் கொடுத்தான். 1593இல் கண்டியர்களிடம் தோற்றுத் திரும்பியவன், பெத்தங்கொட உய்யானத்தில் காலில் தைத்த மூங்கில் சிராயால் செத்தான்.

நம் ஆட்களில் சிலருக்கு இந்தக் கதையில் பாதி மட்டும் பிடிக்கிறது. சைவனான சிங்கள அரசன், ஆகவே நம்மவன் என்று மலரில் போட்டுக்கொள்கிறார்கள். மீதிப் பாதியைப் பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் பாடசாலையில் கேட்டு வளர்கிறார்கள். ஒரே பஸ்ஸில் போகும் இரண்டு பிள்ளைகள் ஒரே கல்லைப் பார்த்து இரண்டு கதை வைத்திருப்பது நல்லதல்ல. முழுசாகச் சொல்லுங்கள். சொல்லும்போது இந்த மூன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, சூளவம்சத்தின் அந்தப் பகுதி எழுதப்பட்டது ராஜசிங்கன் செத்து நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் கழித்து, கண்டியில் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில். மாயாதுன்னை முதுமையில் இயல்பாக இறந்தார் என்று கருதும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. இரண்டு, ராஜசிங்கன் காலத்திலேயே அழகியவன்ன என்ற சிங்களக் கவிஞர் 'செவுல் சந்தேசய' பாடினார். சீதாவக்கையிலிருந்து சப்ரகமுவச் சமன் தேவாலயத்துக்கு ஒரு சேவலைத் தூது அனுப்பி, அரசனையும் சாசனத்தையும் காக்கும்படி தெய்வத்திடம் வேண்டும் நூல் அது. அந்தச் சேவல் போன திசைதான் இன்று நம் இரத்தினபுரி பஸ் போகும் திசை. புத்த சாசனத்தை எரித்தவன் என்று பிற்காலம் சொன்ன அரசனுக்காகத் தன் காலத்தில் ஒரு பௌத்தக் கவிஞர் வரம் கேட்டிருக்கிறார். அப்படியானால் நடந்தது, நாம் இரு பக்கமும் கேட்ட கதையைவிடச் சிக்கலானது. மூன்று, மலையைப் பிக்குகளிடம் திருப்பிக் கொடுத்த கீர்த்தி ஸ்ரீ யார்? தென்னிந்திய நாயக்கர் குலத்தவர். சிங்களப் பரம்பரையில் வந்தவன் ஆண்டிகளுக்குக் கொடுத்தான், நாயக்கர் வீட்டுப் பிள்ளை பிக்குகளுக்குக் கொடுத்தார். இதில் எங்கே 'நம்மவன்' கோடு போடுவீர்கள்?

மலைக்கு ஆண்டிகளைக் கொண்டுவந்தவன் ராஜசிங்கன் என்பதும் சரியில்லை. 1344இல் இபின் பதூதா பாதமலைக்குப் புறப்பட்டபோது, யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி அவருக்கு வழித்துணையாக அனுப்பியவர்களில் நாலு யோகிகள் இருந்தார்கள். வருஷா வருஷம் பாதத்தைக் கும்பிடப் போகிறவர்கள் அவர்கள். ராஜசிங்கனுக்கு இருநூறு வருஷத்துக்கு முன்பே யோகியும் பிக்குவும் முஸ்லிம் பக்கிரியும் ஒரே மலையில் ஏறிக்கொண்டிருந்தார்கள். குருவிட்ட வழியாக எரத்னவுக்குப் போய் இன்றும் நாம் ஏறுகிறோம். உரிமையைக் கொடுத்ததும் பறித்ததும் அரசர்கள். ஏறியது பக்தர்கள்.

பூசலாரையும் ராஜசிங்கனையும் ஒரே இரவில் கேட்கும் பிள்ளை தானே ஒரு முடிவுக்கு வரும். ஒருவர் கையில் ஒன்றுமில்லாமல் கட்டி முடித்தார். இன்னொருவன், அந்தக் கதையை நம்பினால், குற்றத்தை மறைக்க நாட்டையே செலவழித்தும் முடிக்கவில்லை. நாம் பாடம் சொல்லத் தேவையில்லை.

இனி நாலாம் சாமம். அது நம் தோட்டத்துக் கதைக்கு உரியது.

ஒரு றப்பர் மலையில் நான் பார்த்த கோவிலைச் சொல்கிறேன். கூரை கிடையாது. பலா மரத்தடியில் முழங்கால் உயரக் கல், ஓடைத் தண்ணீரில் உருண்டு வழவழத்த கல். மஞ்சள் பூசிப் பூசி அதற்கு ஒரு தோலே உண்டாகியிருந்தது. முன்னால் இரண்டு சூலம், ஒன்று தேய்ந்த பால்வெட்டுக் கத்தியை அடித்துச் செய்தது. றப்பர்ப் பால் ஏந்தும் சிரட்டைகளில் செவ்வரத்தம் பூ. காலையில் பால் வெட்டப் போகிறவர்கள் முதல் சிரட்டையை அங்கே வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் போவார்களாம். மழை பெய்தால் வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் பேர் இல்லை, பேர் இல்லாவிட்டால் அரிசி இல்லை. அந்தச் சாமியிடம் என்ன கேட்டிருப்பார்கள் என்று தனியாகச் சொல்லவும் வேண்டுமா? ஆலை ரோதைக்கு ரோதைமுனி, கவ்வாத்து மலைக்குக் கவ்வாத்துச் சாமி என்று வேலைக்கு வேலை தெய்வம் கண்ட ஜனங்கள் நாம். இராவணனிடம் கடன் வாங்க வேண்டிய நிலையில் நம் பக்தி இல்லை.

சிவன் கோவில் இல்லாத தோட்டத்திலும் சிவன் கதை இருந்தது. சிவராத்திரி முடிந்து மாசி அமாவாசை கழிந்ததும் காமன் கம்பம் ஊன்றுவார்கள். ரதிக்கும் மதனுக்கும் கல்யாணம் நடக்கும். தவத்தைக் கலைக்கப் போகாதே என்று ரதி மன்றாடுவாள். மதன் போவான். நெற்றிக்கண்ணில் எரிவான். அதன்பின் ரதி அழும் அழுகைக்கு லயத்துப் பெண்கள் சேர்ந்து அழுவார்கள். விரதம் பிடித்து வேஷம் கட்டியவர்கள் பகலில் மலையில் வேலை செய்தவர்கள்தான். ஓலைச்சுவடியில்லை, ஓதுவாரில்லை. தப்பு அதிர்ந்தால் புராணம் இறங்கிவரும். எந்தத் தோட்டத்தில் யார் மதன் கட்டினார், யாருக்குப் பின் நின்றுபோனது என்பதும் தல வரலாறுதான்.

இதையெல்லாம் எழுதி வையுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். உங்கள் வகுப்பில் மூத்த பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு அப்பியாசக் கொப்பி கொடுங்கள். பெரியவர்களிடம் போய்க் கேட்கட்டும். முதல் கல்லை வைத்தது எந்தக் குடும்பம்? அவர்கள் ஊர் எது, திருச்சிப் பக்கமா, சேலமா, புதுக்கோட்டையா? மண்டபம் முகாம் வழியாக வந்தார்களா? 1912இல் இரத்தினபுரி வரை போன களனிவெளி ரயிலில் வந்து இறங்கினார்களா, நடந்து வந்தார்களா? பிடிமண் கொண்டுவந்த கதை உண்டா? கோவில் காசைச் சம்பளத்தில் பிடித்தார்களா? முதல் திருவிழாவில் சாமி எந்த லயத்துக்கு வரவில்லை?

1977இலும் 1981இலும் தமிழருக்கு எதிராக நடந்த கலவரங்களைப் பற்றியும் கேட்கச் சொல்லுங்கள். இந்த மாவட்டத்துத் தோட்டங்கள் இரண்டு முறையும் அடிபட்டன. சாமியை மூட்டை கட்டிக்கொண்டு வவுனியாப் பக்கம் போனவர்கள் இருக்கிறார்கள். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் கூடலூருக்கும் கோத்தகிரிக்கும் போனவர்கள் இருக்கிறார்கள். உங்கள் கோவில் கதையில் பாதி இன்று அங்கே இருக்கலாம். வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு போதும். அந்தக் கலவரங்களில் நம்மவர்களை ஒளித்து வைத்துக் காப்பாற்றிய சிங்கள அயலவர்கள் பெயரும் பேச்சில் வரும். அதையும் எழுதுங்கள், அதுவும் கோவிலைக் காத்த கதைதான்.

தலைவர்மார் இதற்கு உடனே தலையாட்ட மாட்டார்கள். இராவணன் என்று போட்டால்தான் வெளியூரார் வருவார்கள், கூலிக்காரன் கல் வைத்தான் என்று போட்டால் யார் வருவார் என்பார்கள். மரியாதையாகப் பதில் சொல்லுங்கள்: ஐயா, பூசலார் கோவிலுக்குச் சிவனே வந்தார். அதற்கும் மசியாவிட்டால், இரண்டையும் போடச் சொல்லுங்கள். ஒரு பக்கத்தில் அவர்கள் கதை, எதிர்ப்பக்கத்தில் பிள்ளைகள் கேட்டு எழுதியது, சொன்னவர் பெயரோடும் வயதோடும். தெரியாத இடத்தில் தெரியாது என்றே அச்சிடுங்கள். எந்தக் கதை நிற்கும் என்று பார்த்துக்கொள்ளலாம்.

சாமம் பிரித்தால் எனக்கும் ஒன்று ஒதுக்குங்கள். மூன்றாவதைத் தாருங்கள், அந்த நேரத்தில் பிள்ளைகளைத் தூங்கவிடாமல் பேசும் பழக்கம் வாத்தியாருக்குத்தான் உண்டு. நாலாம் சாமத்தில் பேச எனக்குத் தகுதியில்லை. மேடைக்குக் கயிற்றுக் கட்டில்காரரைக் கூட்டி வாருங்கள், ஒலிவாங்கியை அவர் வாய்க்கு நேரே பிடிக்க ஒரு பிள்ளையை நிறுத்துங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
எஹலியகொட